மாத்திரைக்குப் பிறகும் இருக்கிறது

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரையை ஒழுங்காகப் போட்டாலே ஆள் பழையபடி ஆகிவிடுவார் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கம் 12 வருடமாகத் தம்பியைப் பார்த்துக்கொள்கிற அக்கா நான். மாத்திரை வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். குளோசபின் என்ற மாத்திரையை ஆரம்பித்தபோது முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, வெள்ளை அணு குறைகிறதா என்று பார்க்க. பனிமூட்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டிக்குப் போவோம். ராத்திரி எச்சில் ஒழுகித் தலையணை நனையும், துண்டு விரித்துத்தான் படுப்பான். காதில் கேட்ட குரல்கள் குறைந்தன, முழுசாக நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயேதான் கிடந்தான்.

எழுந்து நடமாட ஆரம்பித்தது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பிறகுதான். "அரை நாள் வந்து பாருடா, முடியலைன்னா போயிடு" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. முதல் வாரம் முற்றின இலையாகவே பறித்தான். இப்போது அவன் கூடையில் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகத்தான் இருக்கும். குரல் கேட்டால் மாமாவிடம் சொல்லிவிட்டு வரப்போரம் உட்கார்ந்துகொள்வான், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இதைத்தான் நான் மீட்சி என்பேன்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம்பி தன் கையாலேயே எழுதினான்: "கட்டிப்போடாதீங்க. அக்காவைக் கூப்பிடுங்க."

அடுத்த கட்டுரையில் இந்தப் பிரிவைப் பற்றி விவரமாக எழுதுங்கள் ஐயா. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணையும் சேருங்கள், ராத்திரியிலும் பேசுவார்கள்.