மரமாக நிற்கும் குழந்தை

விழா மேடையில் பச்சை அட்டையைக் கட்டிக்கொண்டு மரமாக நிற்கும் நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்தால் எனக்குக் கை தட்டத் தோன்றுவதில்லை. அது மரமாக இல்லை. அம்மா எந்த வரிசையில் இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருக்கிறது. அதே குழந்தை வகுப்பு மூலையில் தானாகவே மரமாகும். கிட்டே போனால், "மிஸ், சத்தம் போடாதீங்க, என் மேல குருவி தூங்குது" என்று கிசுகிசுக்கும். என்னைக் கேட்டால் நாடகம் இதுதான். மேடையில் நடப்பது ஒப்பித்தல்.

நானும் வசனம் எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, திரைக்குப் பின்னால் நின்று வாயசைத்தவள்தான். சின்னப் பிள்ளைகளை மேடையேற்றாதீர்கள் என்று பிள்ளைகளின் நாடகத்தைப் பற்றி எழுதிய இங்கிலாந்தின் பீட்டர் ஸ்லேட் 1954லேயே எழுதிவிட்டார். நாம்தான் கேட்கவில்லை. வீடியோ எடுக்க வேண்டுமே!

"சும்மா விளையாடினா என்ன வரும்?" என்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தில் மனுய்லென்கோ செய்து 1948ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அசையாமல் நில் என்றால் கொஞ்ச நேரத்தில் நெளியும் பிள்ளைகள், காவல்காரராக விளையாடும்போது அதைவிட அதிக நேரம் நின்றார்கள். நாம் அதட்டி வரவழைக்கப் பார்க்கும் அடக்கம், பாவனைக்குள் தானாக வருகிறது. காவல்காரன் நெளிய மாட்டான் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

அப்படியானால் டீச்சருக்கு என்ன வேலை? வெளியே நின்று இயக்காமல், ஒரு பாத்திரமாக உள்ளே போவது. நாடகம் வழியாகவே பாடம் நடத்திய இங்கிலாந்து ஆசிரியை டோரத்தி ஹீத்கோட் வாழ்நாளெல்லாம் செய்துகாட்டியது இதைத்தான். நான் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வேன். துண்டு இருந்தால் பூதம், எடுத்துவிட்டால் மிஸ். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். ஒருநாள் தூக்கம் வராத பூதமாகப் போனேன். எப்படித் தூங்குவது என்று ஆளுக்கொரு யோசனை. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒருவன் எழுந்து வந்து, கைக்குட்டையால் என் காலைப் போர்த்திப் பார்த்துவிட்டு, "பத்தல. கால மடக்கு" என்றான். அதிகாரமாக! மடக்கினேன்.

இந்த நேரத்தில் பெரியவர்கள் செய்யும் பெரிய குற்றம், கேள்வி கேட்பது. பிள்ளை சீப்பை நெஞ்சில் வைத்து வைத்தியம் பார்க்கும்போது, "இது என்ன கலர், சொல்லு?" என்றால் டாக்டர் செத்துப்போய் மாணவர் மிஞ்சுவார். அங்கே இரும வேண்டும், அவ்வளவுதான். விலை உயர்ந்த பொம்மையும் வேண்டாம். அதுவே பேசிவிட்டால் பிள்ளைக்குப் பேச என்ன மிச்சம்?

இந்த வருடம் என் வகுப்புக்கு மேடை கிடையாது என்று சொல்லிவிட்டேன். சண்டைதான். பதிலுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்தோம். வேஷம் கொடுத்தது பிள்ளைகள். ஓர் அப்பாவுக்குப் பாறை வேஷம். நல்லபடியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பையில் மணி அடித்ததும் கை போனது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, பாறைகிட்ட ஃபோன் இருக்காது."




கையை எடுத்துக்கொண்டார்.