புளியங்கொட்டையும் அக்கா மகனும்

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடை லீவு விட்டால் தெரு முழுக்கப் பிள்ளைகள்தான். அக்கா மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். (மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள். அவன் மதியில் எந்த இறுக்கத்தையும் நான் பார்த்ததில்லை. அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.)

போன வருஷம் வரை லீவு நாட்களில் வீட்டில் ஒரே சண்டை. "போய் அவங்களோட விளையாடு சாமி" என்று அக்கா தள்ளிவிடுவாள். அவன் வேலியோரம் நின்று ஒரு பனையோலைத் துண்டை ஆட்டிக்கொண்டிருப்பான். ஐந்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிடுவான். "இவனுக்குக் கூட்டம் சேராது" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

வாரத்துக்கு இரண்டு நாள் பாலக்காட்டுக்கு பஸ் ஏறி தெரபிக்குப் போகிறான். கண்ணைப் பார், பெயர் கேள், பொம்மையைப் பங்கு வை என்று எல்லாமே அவனுக்குத்தான் பாடம். தெருவில் இருக்கிற பத்துப் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தோமா? இல்லை. நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கலிபோர்னியாவில் கோனி கசாரி என்பவரின் குழு 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் ஆட்டிசப் பிள்ளைகள் 60 பேர். சிலருக்கு நேரடியாகப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருடைய விஷயத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களில்தான் பலன் கூடுதல்; மைதானத்தில் பிள்ளை தனியாக நிற்பதும் குறைந்தது. அதே வருஷம் டேமியன் மில்டன் என்கிற பிரிட்டன் ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், இன்னொன்றைச் சொன்னார்: இவர்களுக்கு நம்மைப் புரியாதது எவ்வளவோ, நமக்கும் இவர்களைப் புரியாதது அவ்வளவு.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அம்மாவின் பழைய பல்லாங்குழிப் பலகையை எடுத்துத் துடைத்தேன். பதினாலு குழி, புளியங்கொட்டை. கொட்டைகளை வரிசையாக அடுக்குவது அவனுக்கு ஏற்கெனவே பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பாப்பாவை மட்டும் கூப்பிட்டோம், பத்து வயசு. எதிரெதிரே உட்கார வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். முதல் நாளே அவள் கேட்டாள்: "ஏனுங் மாமா, இவன் ஏன் பேசவே மாட்டேங்குறான்?"

"கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணு கண்ணு. அவன் பதில் லேட்டாத்தான் வரும். கையை உதறினா சந்தோஷம்னு அர்த்தம், பிடிக்காதே."

அவ்வளவுதான் என் வகுப்பு. மீதியை அவளே கண்டுபிடித்தாள். ஜெயித்தால் கத்தக்கூடாது, இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள்தான். ஒருநாள் நடு ஆட்டத்தில் விதியை மாற்றப் பார்த்தாள். பலகை கவிழ்ந்தது, கொட்டை முற்றமெல்லாம் சிதறியது. அதற்கப்புறம் விதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். குழியில் நாலு சேர்ந்தால் பசு அல்லவா? அதை எல்லோருக்கும் முன்னால் பார்த்து "பசு!" என்பவன் இவன். மூன்றாவது வாரம் இவனைத் தங்கள் பக்கம் சேர்க்கப் பிள்ளைகளுக்குள் போட்டி.

அரைமணி நேரம் ஆனதும் எழுந்து மோட்டார் ரூம் பக்கம் போய்விடுவான். போகட்டும். அதுவும் அவனுக்கு வேண்டும்.

ஒரு தெரபிஸ்ட் எங்களிடம் தமிழ், மலையாளம் இரண்டில் ஒன்றை மட்டும் பேசச் சொன்னார். எங்கள் தெருவில் சண்டை தமிழில், ஸ்கோர் மலையாளத்தில். எதை விடுவது? தமிழை விட்டால் பாட்டி இல்லை, மலையாளத்தை விட்டால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு இன்னும் தள்ளிப்போவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. நாங்கள் எதையும் விடவில்லை.

வீட்டில் இப்படி என்றால் பள்ளியில் வேறு கதை. பி.டி. பீரியடில் அவனை மட்டும் வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தார்கள். கேட்டால், பாதுகாப்புக்காம். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவு, படிப்போடு நிற்கவில்லை. விளையாட்டு வாய்ப்பும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. அக்கா அதை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். இப்போது மைதானத்துக்கு அனுப்புகிறார்கள், கூடப் போக ஒரு கூட்டாளியும் உண்டு.

தெருக் கிரிக்கெட்டில் இன்னும் ஆடுவதில்லை. தூசி, கத்தல், ஒத்துவராது. ஆனால் ஸ்கோர் நோட்டு அவனிடம்தான், பிள்ளைகளே கொடுத்தது. ஓடாத ரன்னை எழுதவே மாட்டான். அழுகுணி ஆட்டம் ஆட வழியே இல்லை என்று பெரிய பையன்கள் என் கடைக்கு வந்து புலம்பிவிட்டுப் போகிறார்கள்.