ஆண்டெனாவில் ‘டிஜிட்டல்’ என்று தனி வகை கிடையாது
புது வீட்டு மாடியில் இருக்கும் பழைய ஆண்டெனா டிஜிட்டல் டிவி ஒளிபரப்பைப் பிடிக்காது, ‘டிஜிட்டல் ஆண்டெனா’ வாங்கியே ஆக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இதை நம்பிக் காசைக் கரியாக்காதீர்கள். ஆண்டெனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்ற பேதமே தெரியாது. அதன் கணக்கெல்லாம் அதிர்வெண்தான். 470 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 64 செ.மீ.; அதில் பாதியளவுக் கம்பி போதும். 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ முக்கால் மீட்டர் வேண்டும். உங்கள் பகுதி ஒளிபரப்பு யுஎச்எஃப்பா (470 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்), விஎச்எஃப்பா (200 போன்ற தாழ்ந்த அதிர்வெண்) என்று அறிந்து, கம்பியை அளந்து பாருங்கள். டிஜிட்டலைப் புரிந்துகொள்ள வேண்டியது டிவிப் பெட்டிக்குள் இருக்கும், சேனலைப் பிரித்தெடுக்கும் ட்யூனர்.

பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான் ஒளிந்திருக்கும். நான் குடிவந்த வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டே இருந்தது. சுவர் இணைப்பைக் கழற்றினால், கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெளிவலையிலிருந்து பிரிந்த மயிரிழைச் செம்பு ஒன்று அந்தக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது! அதை நறுக்கியதும் எல்லாச் சேனல்களும் வந்துவிட்டன. முதலில் இணைப்புகளைச் சரிபாருங்கள், ஆண்டெனாவை ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் திருப்புங்கள், பிறகு சேனல்களை மறுபடி தேடவிடுங்கள்.