குறுக்குத் தெரு 269

காசிமேடு. ஜூன் 14, மாலை நாலு மணி. ஏப்ரல் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடை 61 நாள் ஓடி இன்று நள்ளிரவோடு முடிகிறது. விசைப்படகுகளில் ஐஸ் உடைத்துக் கொட்டும் சத்தம் டீக்கடை வரை கேட்கிறது. பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் படகு டிரைவர். இன்னொருவர் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் முப்பது வருடம் படம் ஓட்டிய ஆபரேட்டர். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டவர்.

இருவரும் பேசியது அசல் வடசென்னைத் தமிழ். அப்படியே எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அதனால் கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறேன்.

டிரைவர்: அண்ணே, இந்த ஏரியாவில் எல்லாக் குறுக்குத் தெருவும் உங்களுக்குத் தெரியும்தானே?

ஆபரேட்டர்: பசை வாளி தூக்கிப் போஸ்டர் ஒட்டி வேலைக்குச் சேர்ந்தவன் நான். கேளு தம்பி.

டிரைவர்: 269-ஆம் நம்பர் வீடு எந்தக் குறுக்குத் தெருவில் வரும்?

ஆபரேட்டர்: குறுக்குத் தெருவில் முப்பது வீடு இருந்தாலே அதிகம். 269 வரவேண்டுமென்றால் தெரு கடலுக்குள் இறங்கித்தான் போகணும்.

டிரைவர்: இரண்டு நாளாகத் தேடுகிறேன். (இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுக்கிறார். அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு.) பாப்பா நோட்டுக்குள் இருந்தது. படியுங்கள். சத்தமாக வேண்டாம்.

ஆபரேட்டர் (சத்தமாக): "அப்பா சுறா தாக்கிய புண் ஆறிக் கடலுக்குப் போய்விட்டார். அம்மா உப்பை மாற்றி நெல் கொண்டுவர உப்பளத்துக்குப் போய்விட்டாள். இப்போது வந்தால் என்னைப் பார்ப்பது எளிது என்று அவனிடம் போய்ச் சொல்ல ஆள் கிடைத்தால் நல்லது." கீழே 'குறு. 269'.

டிரைவர்: மெதுவா அண்ணே! டீ மாஸ்டர் திரும்பிப் பார்க்கிறார்.

ஆபரேட்டர்: இதில் என்ன இருக்கிறது?

டிரைவர்: என்ன இருக்கிறதா? (வேட்டியை விலக்கிக் காலை நீட்டுகிறார்.) மார்ச்சில் திருக்கை முள் ஏறிய கால். போன வாரம்தான் புண் ஆறியது. இன்று ராத்திரி கடலுக்குப் போகிறேன். அத்தனையும் எழுதி வைத்திருக்கிறாள்.

ஆபரேட்டர்: இதில் சுறா என்றல்லவா போட்டிருக்கிறது?

டிரைவர்: அடையாளம் தெரியக் கூடாதென்று மாற்றியிருக்கிறாள். இரண்டுக்கும் எலும்பு கிடையாது, குருத்துதான். பங்காளிகள்.

ஆபரேட்டர்: அம்மா உப்பு விற்கிறாளே?

டிரைவர்: தடைக்காலம் முழுக்க என் பொண்டாட்டி கருவாடு விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. உப்பில்லாமல் கருவாடு ஏது?

ஆபரேட்டர்: நெல்?

டிரைவர்: அது ஒன்றுதான் இடிக்கிறது. ரேஷன் அரிசி என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் பாருங்கள், 'அவன்' என்று மட்டும் போட்டிருக்கிறாள். கள்ளம் இல்லையென்றால் பெயரை எழுத மாட்டாளா?

ஆபரேட்டர்: (டீ புரையேறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு) 'குறு.' என்றால் குறுக்குத் தெரு இல்லை தம்பி. குறுந்தொகை. மொத்தம் 401 பாட்டு. அதில் 269-ஆவது பாட்டு. உன் பெண் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறாள். பாடி 2000 வருஷம் இருக்கும்.

டிரைவர்: (கொஞ்ச நேரம் யோசித்து) அப்போதே அப்பன் கடலுக்குப் போவதற்குத்தான் காத்திருந்தார்களா?

ஆபரேட்டர்: நோட்டைக் கொடு. இதோ எழுதியிருக்கிறாள். அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், யார் பெயரையும் சொல்லக் கூடாது. தொல்காப்பியம் போட்ட சட்டம்.

டிரைவர்: வக்கீலைக் கேட்டுப் போட்ட சட்டம் போலிருக்கிறது. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் 'நான் இல்லை' என்று சொல்லிவிடலாம்.

ஆபரேட்டர்: காலேஜில் கொடுத்த கேள்வியும் இருக்கிறது. 'உங்கள் ஊர்ப் பின்னணியில் ஒரு பாட்டையும் ஒரு திரைப்படத்தையும் எடுத்துக்கொண்டு மையக்கருவை ஒப்பிடுக.'

டிரைவர்: மஞ்சள் கரு தெரியும். மையக்கரு எந்த முட்டையில் இருக்கிறது?

ஆபரேட்டர்: நல்ல ஆளிடம் கேட்டாய். இருபது நிமிஷத்துக்கு ஒரு ரீல். அது முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் பொட்டு மாதிரி ஒரு வட்டம் வரும். முதல் பொட்டுக்கு அடுத்த மெஷினை ஓட விடணும், இரண்டாவது பொட்டுக்குப் படத்தை அதில் மாற்றணும். படம் பார்க்கிறவன் பொட்டைப் பார்த்ததில்லை. பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நான் படத்தைப் பார்த்ததில்லை.

டிரைவர்: அப்புறம் முப்பது வருஷம் எதைத்தான் பார்த்தீர்கள்?

ஆபரேட்டர்: ஓட்டை வழியாக ஜனத்தை. பாட்டு ரீலில் பாதிப் பேர் பீடி பிடிக்கப் போவார்கள். சண்டை ரீலில் விசில் அடிப்பான், அடித்துவிட்டு அவனும் பீடிக்குப் போவான். மகன் வருவான் என்று ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்திருக்கிற ரீல் வந்தால் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். எந்த ரீலில் பீடி வாசனை வரவில்லையோ அங்கே இருக்கிறது மையக்கரு.

(இலக்கிய விமர்சனத்தில் இவ்வளவு சிக்கனமான அளவுகோலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.)

டிரைவர்: இதையே பாப்பா எழுதினால் மார்க் போடுவார்களா?

ஆபரேட்டர்: அவள் வேறு வழியில் போயிருக்கிறாள். உரிப்பொருள், அதாவது பாட்டுக்குள் ஓடுகிற உணர்வு, நிலத்துக்கு ஒன்றாக ஐந்தாம். சேர்வது குறிஞ்சி, பிரிவது பாலை, பொறுத்திருப்பது முல்லை, ஊடல் மருதம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்கு இரங்கல்.

டிரைவர்: ஐயோ! யார் போனது? போஸ்டர் அடித்தாச்சா?

ஆபரேட்டர்: அந்த இரங்கல் இல்லையப்பா. போனவன் வருவானோ மாட்டானோ என்று கரையில் நின்று கலங்குகிறது. உன் பொண்டாட்டி.

டிரைவர்: அவள் கலங்கி நான் பார்த்ததில்லையே.

ஆபரேட்டர்: நீதான் கடலில் இருப்பாயே, எப்படிப் பார்ப்பாய்?

டிரைவர்: ...சரி. அந்த முதல் ஐட்டம், குறிஞ்சி, அது மலையில் மட்டும்தானா? 61 நாள் எங்களை வீட்டில் உட்கார வைத்ததே மீன் இனப்பெருக்கத்துக்குத்தான். அரசாங்கமே மீனுக்குக் குறிஞ்சி ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது.

ஆபரேட்டர்: இதைச் சொல், பாப்பாவுக்குக் கூட ரெண்டு மார்க் கிடைக்கும். அடுத்து கருப்பொருள், அந்த நிலத்தில் இருக்கிற சாமி, மரம், தொழில் எல்லாம். நெய்தலுக்குச் சாமி வருணன். தாழம்பூ, புன்னை மரம், சுறா, பறை, மீன் பிடிக்கிறது, உப்பு விளைக்கிறது.

டிரைவர்: புன்னையா? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக நிற்பது கன்டெய்னர் லாரிதான்.

ஆபரேட்டர்: அதையும் கருப்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். நாள் முழுக்க அசையாமல் நிற்கிறதே. சரி, பாட்டு ஆச்சு. படத்துக்கு என்ன எழுதப் போகிறாளாம்?

டிரைவர்: நம்ம ஊர்ப் படம் என்றால் பழிக்குப் பழிதான். அது இந்த ஐந்தில் எதில் வரும்?

ஆபரேட்டர்: எதிலும் வராது. அதெல்லாம் காதல் பாட்டுக்கு. வெட்டுக்குத்தெல்லாம் புறத்திணை, போர்ப் பாட்டு. வெட்சி என்று ஆரம்பிக்கும். எதிரி ஊரில் புகுந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது.

டிரைவர்: அதற்கு ஏன் எதிரி ஊர்? நடு ரோட்டில் படுத்திருக்கிற மாட்டை யாராவது ஓட்டிக்கொண்டு போனால் நானே மாலை போடுவேன். அண்ணே, ஒரு தடவை எங்கள் போட்டில் ஷூட்டிங் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா?

ஆபரேட்டர்: நீ நடித்தாயே. நான்கூட வந்து தேடினேன், திரையில் கிடைக்கவில்லை.

டிரைவர்: என் கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். சார், எனக்கு வலை பின்னத் தெரியும், அதைச் செய்யட்டுமா என்றேன். வலை பின்னாடி கிடந்தால் போதும், நீ முறைத்துப் பார் என்றார்கள். வெயிலில் கண் கூசிற்று, அதையே முறைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். என் பொண்டாட்டியைக் கூடையோடு நடக்க விட்டார்கள். கூடையில் மீன் இல்லை. காலிக் கூடையோடு மார்க்கெட் பக்கம் போனால் ராசியில்லை என்று அவள் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டாள்.

ஆபரேட்டர்: அதுதான் விஷயம். படகு, வலை, கூடை, பறை என்று கருப்பொருளை மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உரிப்பொருள் இங்கேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

டிரைவர்: எனக்கு வசனமாவது கொடுத்திருக்கலாம். இந்தப் பாட்டிலாவது அப்பனுக்கு வசனம் உண்டா?

ஆபரேட்டர்: (பக்கம் புரட்டுகிறார்) கிடையாது. பெற்ற அம்மா பேசலாம், வளர்த்த அம்மா பேசலாம், தோழி பேசிக்கொண்டே இருக்கலாம். அப்பனும் அண்ணனும் குறிப்பால் உணர வேண்டியதுதான்.

டிரைவர்: இங்கேயும் முறைத்துப் பார்க்கிற வேஷம்தானா?

(செல்போன் அடிக்கிறது. டிரைவர் எழுந்து நாலு எட்டு தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வருகிறார்.)

ஆபரேட்டர்: யாரு?

டிரைவர்: பாப்பாதான். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், திரும்ப எத்தனை நாளாகும் என்று கேட்கிறாள்.

ஆபரேட்டர்: எப்போதும் கேட்பதுதானே?

டிரைவர்: சின்னப் பிள்ளையிலிருந்து கேட்பதுதான். இத்தனை நாள் அதை இரங்கல் கணக்கில் வரவு வைத்திருந்தேன்.

ஆபரேட்டர்: இப்போது என்ன சொன்னாய்?

டிரைவர்: ஆறு நாள் ஆகும் என்றேன்.

ஆபரேட்டர்: ஐஸ் எத்தனை நாளுக்கு ஏற்றுகிறாய்?

டிரைவர்: மூணு நாளைக்கு.