பொல்லார்டுக்குப் பிறகு 68 வருடம்

"அந்தக் காலம் அப்படி இருந்தது, என்ன செய்வது?" நிறவெறி பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். எனக்கு உடனே ஃப்ரிட்ஸ் பொல்லார்ட் ஞாபகம்தான் வரும்.

அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர். நம் ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியை ஏய்த்து ஓடும் ஆட்டம். 1894இல் சிகாகோவில் பிறந்தவர். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 75 கிலோ. அந்த ஆட்டத்துக்கு இது சின்ன உடம்பு.

பிரவுன் பல்கலைக்கழக அணியோடு 1916 ஜனவரி 1 அன்று, கல்லூரி அணிகளின் பெரிய புத்தாண்டுப் போட்டியான ரோஸ் பவுல் ஆட்டத்தில் இறங்கினார். அதில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அந்த ஆட்டத்துக்காகப் போன இடத்தில் ஓட்டலில் இவருக்கு மட்டும் அறை தர மறுத்தார்கள். அப்படியானால் அணியே கிளம்பிவிடும் என்று சொன்ன பிறகுதான் அறை கிடைத்தது. ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் அதே வருடக் கடைசியில் யேல், ஹார்வர்ட் இரண்டையும் பிரவுன் வீழ்த்தியதற்கு இவருடைய ஓட்டம்தான் முக்கியக் காரணம்.

அப்புறம் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் ப்ரோஸ் என்ற தொழில்முறை அணி. அங்கே மற்றவர்களோடு உடை மாற்றும் அறைக்கு இவர் போக முடியாது. அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் மைதானத்துக்கு வருவார். கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே வந்து விழுந்து நொறுக்குவார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். விழுந்த வேகத்தில் மல்லாக்கப் புரண்டு, ஆணி வைத்த பூட்ஸ் கால்களை மேலே தூக்கி உதைத்துக்கொண்டே இருப்பார். கிட்டே வருகிறவன் யோசிப்பான்.

1920இல் அக்ரன் 8 வெற்றி, 3 சமன், ஒரு தோல்வி கூட இல்லாமல் பட்டம் வென்றது. பின்னால் என்எஃப்எல் (நேஷனல் ஃபுட்பால் லீக்) என்று பெயர் மாறிய தொழில்முறை லீகின் முதல் பட்டம் அது. மறு வருடம் ஆடிக்கொண்டே அந்த அணிக்குப் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார்.

1921இல் ஒரு கறுப்பர் வெள்ளையர்களுக்குப் பயிற்சி கொடுத்த அதே லீகில், 1934 முதல் 1945 வரை ஆடுவதற்குக்கூட ஒரு கறுப்பர் இல்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகள் தங்களுக்குள் பேசாமல் பேசி முடித்துக்கொண்டார்கள். திறந்திருந்த கதவைச் சாத்தியவர்களுக்குக் காலத்தின் மேல் பழி போட என்ன உரிமை இருக்கிறது?

அந்த வருடங்களில் பொல்லார்ட் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பின அணிக்குப் பயிற்சி கொடுத்தார், பத்திரிகை நடத்தினார். என்எஃப்எல்லில் அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர், ரெய்டர்ஸ் அணியின் ஆர்ட் ஷெல், வந்தது 1989இல்.

எனக்குப் பொறுக்க முடியாதது இன்னொன்று. சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபம் 1954லேயே இவரைச் சேர்த்துக்கொண்டது. தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபம் 1963இல் கேண்டனில் திறந்தது. அக்ரனிலிருந்து காரில் அரை மணி நேரம். அதன்பின் 23 வருடம் பொல்லார்ட் உயிரோடு இருந்தார், அழைப்பு வரவில்லை. 1986 மே மாதம் இறந்தார். கேண்டனில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல்.