கல்வெட்டுப் படியெடுத்த என் நண்பர்

எங்கள் துறையில் நெடுங்காலம் கல்வெட்டுப் படியெடுப்பவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் நண்பர் சென்ற மாதம் காலமானார். கல்வெட்டை வாசித்துப் பதிப்புக்குத் தயார் செய்வது என் வேலை. நான் வாசிக்க வேண்டியதைச் சுவரிலிருந்து தாளுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை 'அண்ணே' என்றே அழைத்தேன். அவர் என்னை அலுவலகத்தில் 'சார்' என்பார். கோயில் வாசலில் சாமான்களை இறக்கி வைத்ததும் 'தம்பி' என்பார்.

படியெடுப்பதை மை ஒற்றும் வேலை என்று எண்ணுபவர்கள் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்கிக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, கெட்டியான மயிர்த்தூரிகையால் சீராகத் தட்டினால் தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். அதன்பின் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். மேற்பரப்பு கருமையாகி, எழுத்து மட்டும் வெண்மையாக நிற்கும். ஈரம் மிகுந்திருந்தால் மை பரவி எழுத்தை விழுங்கிவிடும். காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். அந்தப் பதத்தை அவர் புறங்கையைத் தாளின் மேல் வைத்தே அறிவார். மதிய வெயிலில் நாங்கள் அவசரப்பட்டால், "பொறுங்க தம்பி, வெயில் சாயட்டும், எழுத்து தானா எழுந்து வரும்" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். பக்கவாட்டில் விழும் மாலை வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தின் விளிம்பும் நிழல் காட்டும் என்பதை எந்த நூலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

காவிரிக் கரையில் ஒரு சிற்றூர்க் கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டு ஒன்று உண்டு. பழைய பதிப்பில் நில அளவு வருமிடம் சிதைவு என்று வெறும் புள்ளிகளால் விடப்பட்டிருந்தது. அண்ணன் அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, அது சிதைவு இல்லை, வெள்ளையடித்து வெள்ளையடித்து ஏறிய சுண்ணாம்பு என்றார். இரும்பு எதையும் பக்கத்தில் விடாமல், தண்ணீர் விட்டு ஊறவைத்து, மூங்கில் சிம்பாலும் தேங்காய் நாராலும் ஒரு பகல் முழுவதும் அந்தச் சாண் அளவு இடத்தையே சுத்தம் செய்தார். படியை உரித்தபோது வேலி என்ற நில அளவின் கணக்குக்குப் பின் அதன் சிறு கூறுகளான மாவும் காணியும் முந்திரிகையும் அவற்றின் பின்னக் குறியீடுகளோடு வரிசையாக நின்றன. முந்திரிகை என்பது ஒன்றை 320 ஆகப் பகுத்ததில் ஒரு கூறு. அத்தனை சிறு அளவையும் விடாமல் கணக்கெழுதிய ஓர் ஊர்ச்சபையின் எழுத்து, அவருடைய பொறுமையால் மீண்டும் வாசிக்கக் கிடைத்தது. இதே சுவரில் திருப்பணியின் பெயரால், மணலை விசையோடு பீய்ச்சிச் சுவரைத் துப்புரவாக்கும் மணல் வீச்சு நடந்திருந்தால் சுண்ணாம்போடு எழுத்தும் போயிருக்கும். அப்படி மழுங்கிப்போன சுவர்களை நாங்கள் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். அன்றெல்லாம் அவர் இரவு உணவையும் மறுத்துவிடுவார்.

அவருக்கு மிகப் பிடித்தவை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். தான் கொடுத்தவற்றோடு தன் அக்கனும் (தமக்கையும்) தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன இராஜராஜன், கோயில் பணிக்குக் குடியமர்த்திய ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாம் வீடு என்பது வரை பதிய வைத்தான். தச்சர், நாவிதர், தையற்காரர் ஆகியோரும் அங்கே இடம்பெற்றிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை அண்ணன் உறவினர் பெயர்களைப் போல உரக்கப் படிப்பார். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், படியெடுத்துப் படியெடுத்தே வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்து முறைகளைக் கற்றார் என்பதைப் பின்னால் வந்த ஆய்வு மாணவர்கள் பலர் நம்பவே இல்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் மைசூர் அலுவலகத்தில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஓய்வில் இருந்த அவர் எனக்குத் தொலைபேசியில் பேசி, அந்தத் தாள்களை மடிக்காமல் எப்படிக் கட்ட வேண்டும் என்று நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல ஒளிப்படமும் முப்பரிமாண வருடலும் வந்துவிட்ட பிறகு இனிப் படி எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். அவை வேண்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உளி இறங்கிய பள்ளத்தையும் கல் பிளந்த கீறலையும் பிரித்தறியும் பழக்கம், கல்லின் முன் நாள்கணக்கில் உட்கார்ந்து கையால் வேலை செய்தவருக்கே எளிதில் கூடுகிறது. கல்வெட்டியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தாமே படியெடுத்துப் பார்க்காமல் பட்டம் பெறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அவரிடம் தொழில் பழகியவர்கள் சிலர் இன்னும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்கள். கற்பிக்கவும் ஆர்வமாக இருக்கிறார்கள். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கல்வெட்டுப் பாடம் நடத்தும் நண்பர்கள் எனக்கு எழுதினால், அவர்களை அழைத்துக்கொண்டு தாளும் தூரிகையுமாக நானே வருகிறேன்.