கிழிந்த புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்

என் காரில் கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் புஷ், அதாவது இரும்போடு ஒட்டிய ரப்பர் துண்டு, கிழிந்திருந்தது. பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். அதை இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் ஒருவர்கூடச் செய்யவில்லை. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

அப்பா 2007-இல் வாங்கிய மாருதி 800 என்னிடம் இருக்கிறது. 15 ஆண்டு முடிந்ததும் 2022-இல் 5,000 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். சில மாதங்களுக்கு முன், சிக்னலில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அடியில் ‘தொம்’மென்று ஓர் அடி விழ ஆரம்பித்தது. கிளட்சை விடும்போது வண்டியே உதறும். ரிவர்ஸில் உதறல் இன்னும் மோசம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கியர் தண்டு ஒரு பக்கம் போகும், காலை எடுத்தால் மறுபக்கம் வரும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிளட்ச் போய்விட்டது சார்” என்றார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். கொடுத்தேன். வண்டியை வெளியே எடுத்த முதல் சிக்னலிலேயே அதே ‘தொம்’.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டும் என்றார்கள். பேரிங் போயிருக்குமாம். 12,000 ஆகுமாம். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்? எதையும் பார்க்கவில்லை. வண்டி பழையது, அவ்வளவுதான். பழைய வண்டி என்றாலே பெரிய வேலைதான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அம்பத்தூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கடைசியாகப் போனேன். அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. “தம்பி, உள்ளே உட்காருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விடுங்கள். பிறகு ரிவர்ஸில் அதேபோல” என்றார். அவர் பானட்டைத் திறந்து ஓரமாக நின்று பார்த்தார். இன்ஜின் ஒரு பக்கம் எகிறியது. ரிவர்ஸில் மறுபக்கம் சாய்ந்தது. பிறகு வண்டிக்கு அடியில் போய், கியர் பாக்ஸுக்குக் கீழே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினார். மவுண்டிங் புஷ்ஷின் ரப்பர் வாயைப் பிளந்தது. கையளவு ரப்பர்! அது இரும்பிலிருந்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் கோபம் உச்சத்துக்குப் போகிறது. இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கியர் பாக்ஸை இறக்க வேண்டுமானால் அதன் மவுண்டிங் போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். அப்படியானால் முதல் ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கிழிந்த புஷ் அவர்கள் கைக்கே வந்திருக்கிறது. அதையே திரும்ப வைத்து முடுக்கி, 5,200 ரூபாய்க்குப் பில் போட்டிருக்கிறார்கள். அதே கூலிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. இதைக் கவனக்குறைவு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

இந்த ரப்பரை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே அதிர்வது. அந்த அதிர்வு வண்டியின் பாடிக்குப் போகாமல் இந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கியர் பாக்ஸின் எடையையும் சுமக்க வேண்டும். வண்டி கிளம்பும்போது இன்ஜின் திமிறுவதையும் பிடித்து நிறுத்த வேண்டும். ரப்பர் இறுகினால் ஸ்டீயரிங் வரை நடுங்கும், தளர்ந்தால் இன்ஜின் ஆடும். ஒன்று கிழிந்துவிட்டால் அதன் பாரத்தையும் மற்ற மவுண்டிங்குகள் சுமந்து அவையும் சீக்கிரம் போகும். வெயிலும் இன்ஜின் சூடும் ஒரு பக்கம் அதைக் காய்ச்சுகின்றன. ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் சீல் கசிந்து, ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். என் வண்டியில் அதுவும் நடந்திருந்தது. பெரியவர் முதலில் சீலை மாற்றிவிட்டுத்தான் புஷ்ஷைத் தொட்டார்.

மாற்றுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாக்கியின் மேல் மரப்பலகை வைத்துக் கியர் பாக்ஸைத் தாங்கிக்கொண்டு பழையதைக் கழற்றினார். புதியதை வைத்து எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றினார். ஜாக்கியை இறக்கி எடை அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர் போட்டார். தூக்கி நிற்கும்போதே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

அத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு பொங்கியிருக்க மாட்டேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் “ஒரிஜினல்தான் சார்” என்று ஒரு உதிரிபாகக் கடையில் கொடுத்த அந்தப் புதுப் புஷ் நான்கே மாதத்தில் விரிசல் விட்டது. நகம் வைத்தால் கட்டைபோல இருந்த ரப்பர். பெட்டியில் தயாரித்த மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. இரண்டையும் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் மரம் வளர்க்கிறோம், பக்கத்து மாநிலமான கேரளத்தின் கோட்டயத்தில் ரப்பர் வாரியமே இருக்கிறது. இருந்தும் நல்ல ரப்பரில் ஒரு புஷ் கிடைக்க நான் மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையும் கூலி நான்தான் கொடுத்தேன்.

முதலில் கிழிந்திருந்த அந்தப் பழைய புஷ்ஷை எடுத்துக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மேசைமேல் வைத்தேன். “நீங்கள் கிளட்ச் மாற்றத்தானே சொன்னீர்கள் சார்” என்றார் அங்கே இருந்தவர். அவர்களே எழுதிக் கொடுத்த ஜாப் கார்டை எடுத்து நீட்டினேன். புகார் என்ற இடத்தில் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது: வண்டி எடுக்கும்போது அடியில் சத்தம்.